ஒன்றரை இஞ்சு குறைந்த பிரேக் ஹோஸ்

அண்ணனுக்கு,

பிரேக் ஆயில் வாடை கையைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. செவ்வாய்க்கிழமை உன் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்ததிலிருந்து சோப்பு, சீயக்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. சோறு பிசையும்போது வருகிறது. தலை பின்னும்போது வருகிறது. இருபது வருஷமாக இந்த எண்ணெய்களோடு இருப்பவள் நான். எந்த வாடையும் ஒரு நாளுக்கு மேல் என்னிடம் தங்கியதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நேரில் சண்டை போடலாம் என்றால் நீ தை மாசமே தறி ஷெட்டில் நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணை மூடிவிட்டாய். கேள்வி வருவதற்கு முன்னால் எழுந்து போய்விடுவதில் நீ சின்ன வயசிலிருந்தே கெட்டிக்காரன்.

சென்னையில் வெள்ளம் வந்து வடிந்த மறு வருஷம் அந்த வண்டியைக் கொண்டுவந்தாய். யாரோ பெரிய வீட்டுக்காரருடைய கார். தரைக்கு அடியில் நிறுத்தி வைத்திருந்த இடத்தில் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்ததாம். இன்சூரன்ஸ்காரர்கள் ஏலம் விட்டதை நீ எடுத்தாய். இத்தாலி வண்டி, ரெண்டே சீட்டு, ரத்தச் சிவப்பு, தரையிலிருந்து நாலு விரல் உயரம். ராஜபாளையம் ரோட்டில் லாரியிலிருந்து இறக்கியபோது கூடிய கூட்டத்துக்குப் போலீஸ் வந்து வழி விலக்கியது. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து சேற்று நாற்றமும் காய்ந்த மீன் ஒன்றும் வெளியே வந்தன. மீனைக் காலால் ஒதுக்கிவிட்டு, "எல்லாம் ஒரிஜினலு" என்று ஊருக்குச் சொன்னாய். உன் வீட்டுக்காரி, என் மதினி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பெங்களூர் ஷோரூமில் பெல்ட்டுக்கும் பேரிங்குக்கும் மட்டும் சொன்ன விலையைக் கேட்டு நீ ரெண்டு நாள் வண்டிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் உடைந்த சாமான்களைத் தினத்தாளில் பொதிந்து எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாய். என் கடை என்று சொல்வதில் உனக்கு எப்போதும் ஒரு சுளிப்பு உண்டு. அப்பாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை அது. அப்பா போன பதினாறாம் நாள் சாவியை என் மடியில் போட்டு, "நீயே பாத்துக்கோளா, எனக்குச் சேலை யாவாரத்துக்கே நேரம் பத்தல" என்றாய். தங்கச்சிக்குக் கடையையே விட்டுக் கொடுத்த அண்ணன் என்று ஊரெல்லாம் உனக்குப் பேர். அன்றைக்கு அந்தக் கடையில் இருந்தது துருப்பிடித்த நட்டும் கரையான் அரித்த அலமாரியும்தான். மூலைக்கு மூலை நடந்து, மெக்கானிக்குகளிடம் வசவு வாங்கி, ஒவ்வொரு சாமானாகப் படித்து அதைக் கடையாக்கியது நான்.

அப்படிப் படித்ததுதான் உன் வண்டியைக் காப்பாற்றியது. எந்தக் கார் கம்பெனியும் எல்லாச் சாமானையும் தானே செய்வதில்லை, வெளியே வாங்கித் தன் பேரை மேலே ஒட்டிக்கொள்கிறது என்று உனக்குச் சொன்னது யார்? மண்ணெண்ணெய் தொட்டு அந்த ஸ்டிக்கரைச் சுரண்டினால் அடியில் செய்தவனுடைய எண் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துப் போனால் அதே சாமான் ஏதாவது ஒரு டாக்ஸியில் கால்வாசி விலைக்கு ஓடிக்கொண்டிருக்கும். எண்ணெய் கசியாமல் அடைக்கிற ஆயில் சீலின் முகத்திலேயே அதன் அளவு அச்சாகி இருக்கும். பேரிங்கின் எண் இத்தாலியானாலும் நம் பக்கத்து இலஞ்சியானாலும் ஒன்றுதான். அந்த வண்டியின் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சக்கரத்தில் ஓடுவது உன் ஷெட்டில் தறியில் ஓடும் அதே பேரிங். கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்ச்சு, டவுனுக்குள் சவாரி அடிக்கிற ஒரு பழைய வாடகைக் காருடையது. பதினொரு மாசம் பிடித்தது. இன்ஜின் முதல் தடவை உறுமியபோது நீ தேங்காய் உடைத்தாய். என்னைக் கூப்பிட மறந்துவிட்டாய்.

ஒன்றை மறுக்க மாட்டேன். அந்த வருஷம் ஆயுத பூசையன்றைக்கு நாம் ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். லாரிக்குச் சுற்றுவதைப் போல அதற்கும் பூசணிக்காய் சுற்றி முன்னால் போட்டு உடைத்தார்கள். நீ பெருமையாக வண்டியை எடுத்தாய். நாலு விரல் உயரம் என்பதை யாரும் நினைக்கவில்லை. பூசணித் துண்டுகளை அப்படியே வாரி வாய்க்குள் போட்டுக்கொண்டது வண்டி. ரேடியேட்டர் ஃபேன் கடகடவென்று கத்திவிட்டு நின்றது. குங்குமத் தண்ணீர் சொட்டியதைப் பார்த்து மதினி, "ஐயோ, ரத்தம்" என்று அலறினாள். மறுநாள் ஒரு மினி லாரியின் ஃபேன் மோட்டாரை நான் அதில் பொருத்தினேன். இன்றுவரை சுற்றுகிறது.

ஆனால் அந்த மோட்டாரை வைத்து நீ என்ன செய்தாய்? எப்போதோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒன்றிரண்டு சாமான்களின் காலி அட்டைப் பெட்டிகளை எறியாமல் வைத்திருந்தாய். பார்க்க வருபவர்களுக்கு அந்தப் பெட்டிகளைக் காட்டி, "இத்தாலில இருந்து நேரா வருது" என்று சொல்வாய். கோயம்புத்தூரிலிருந்து அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் நாலைந்து பேர் ஒரு தடவை வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு ஃபியூஸ் போயிருந்தது. என் கடைக்குக் கூட்டி வந்தாய். "இங்க யாருங்க உங்களுக்கு வண்டி பாக்குறது?" என்று அவர் கேட்டார். உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பெங்களூர்ல ஆளு இருக்கு சார்" என்றாய். அப்புறம் என் பக்கம் கையைக் காட்டி, "இது தங்கச்சி. சும்மா கடைய பாத்துக்கிடுதா" என்றாய்.

அந்தச் சும்மாவை நான் இன்னும் விழுங்கவில்லை. அன்றைக்கு ராத்திரி இனிமேல் உன் வண்டியைத் தொடுவதில்லை என்று இருந்தேன். ரெண்டே வாரம். மறுபடியும் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றாய், நானும் வாங்கிப் பிரித்தேன். எனக்கு ரோஷம் இருந்த அளவுக்கு அந்த வண்டி மேல் ஆசையும் இருந்தது. அது உனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பொட்டலத்தில் இருந்தது முன் சக்கரத்துப் பிரேக் ஹோஸ். பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ரப்பர் குழாய். ரெண்டும் வெடித்துப் போயிருந்தன. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு இன்னும் நாலு நாள். ரத வீதியில் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வருவேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாய். என் கடையில் தொங்கிய மினி லாரி ஹோஸ் ஒன்றை எடுத்து முனையின் திருகு மரையை முடுக்கிப் பார்த்தாய்.

"ஏளா, மரை கச்சிதமா சேருதே. இதவே போட்டா என்ன?"

"மரை சேந்தா ஆச்சா? நீளத்தப் பாரு. ஒன்றரை இஞ்சு கம்மி. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா இழுத்துப் பிச்சிரும்ணே. பிரேக் இல்லாம எங்க போய் நிப்ப?"

"நேரா ஓட்டுறவனுக்கு என்னளா?"

"நம்ம ஊர்ல எவன் நேரா ஓட்டுதான்? கோயம்புத்தூர்ல அளவு குடுத்தா செஞ்சு தருவான். ரெண்டு வாரம் பொறு. வண்டி ஓடுறதுக்கு எந்தச் சாமானக் கேட்டாலும் தேடித் தாரேன். நிக்கிறதுக்கு உள்ள சாமான்ல மட்டும் விளையாடாத."

தலையை ஆட்டிக்கொண்டு போனாய். தபசுக்கு முந்தின நாள் ஒரு பெட்டியோடு வந்தாய். கடையநல்லூர்க்காரர் ஒருவர் துபாயிலிருந்து லீவுக்கு வந்தாராம், கையோடு ஒரிஜினல் ஹோஸை வாங்கி வந்துவிட்டாராம். "பாத்தியா, ஆள் பழக்கம்னா இதுதான்" என்றாய். பெட்டியைப் பார்த்தேன். திறந்து பார்க்கவில்லை. கூடப்பிறந்தவன் சொல்கிறான், திறந்து பார்த்தால் நன்றாகவா இருக்கும் என்று நினைத்தேன். கடைக்காரியாகச் செய்யக் கூடாத தப்பைத் தங்கச்சியாகச் செய்தேன்.

அந்த வாரம் கடையில் ரெண்டு ஹோஸ் குறைந்தது. வேலைக்கு இருந்த இசக்கியம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தேன். விசாரித்தேன் என்பது மரியாதையான வார்த்தை. திருடி என்று மட்டும்தான் சொல்லவில்லை. அவள் அழுதாள். நீ பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, "விடுளா, பொம்பளைய போட்டு அழ வைக்காத" என்றாய். எவ்வளவு இரக்கமான மனுஷன் என்று நினைத்தேன். அந்த மாசக் கடைசியில் அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

மறு வருஷம் என் மகளுக்குக் கொல்லத்தில் ஆஸ்பத்திரி வேலைக்கு நேர்முகம். விடிகாலை போகவேண்டிய பஸ் வழியிலேயே நின்றுவிட்டது என்று அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். நீ வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாய். ஊரே வேடிக்கை பார்க்க மருமகளை அந்தச் சிவப்பு வண்டியில் ஏற்றிக்கொண்டு மலை ரோட்டைத் தாண்டிப் போய் நேரத்துக்கு இறக்கிவிட்டாய். வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட்டு உளுந்தஞ்சோறும் கோழிக்குழம்பும் வைத்துப் பரிமாறினேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா என் பிள்ள கதி என்னண்ணே" என்று அழுதேன். 'சும்மா' என்று சொன்னதையும் பெங்களூர் ஆளையும் அன்றைக்கு மன்னித்துவிட்டேன். நீ இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாய்.

இப்போது மதினிக்கு அந்த வண்டியை விற்றாக வேண்டும். விற்றால்தான் அவள் இங்கே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஓசூரில் மகளோடு போய் இருக்க முடியும். நாகர்கோவிலிலிருந்து ஒரு டாக்டர் கேட்டிருந்தார். அவர் வருவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை நானே ஜாக்கி வைத்துத் தூக்கி, டார்ச்சோடு அடியில் படுத்தேன்.

முதலில் கண்ணில் பட்டது பிரேக் ஹோஸில் ஒரு மஞ்சள் புள்ளி. என் கடைச் சரக்கு ஒவ்வொன்றிலும் நான் மஞ்சள் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்பது உனக்குத் தெரியும். வேறு கடையில் வாங்கியதை என்னிடம் திருப்பிக் கொடுத்து ஏமாற்றுகிறவர்களுக்காக வைக்கிற புள்ளி. அதை அழிக்கக்கூட நீ மெனக்கெடவில்லை. எழுந்து போய் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு மறுபடியும் படுத்துப் பார்த்தேன். ஹோஸ் கம்பியைப் போல விறைத்து நின்றது. ரப்பர் பூராவும் வெள்ளை வெள்ளையாகக் கீறல். ஒரு முனையில் ஆயில் கசிந்து என் கையில் சொட்டியது. துபாய்க்காரர், பெட்டி, டீ, கோழிக்குழம்பு என்று எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கடைசியில் முன் சீட்டில் என் பிள்ளை உட்கார்ந்து கை காட்டிக்கொண்டு போனது வந்தது.

புதன்கிழமை கரிவலம்வந்தநல்லூருக்கு பஸ் ஏறி இசக்கியம்மாள் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "இருக்கட்டும்க்கா" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

மதினியிடம் சொன்னபோது அவள் வேறு மாதிரி. "செத்த மனுசனைப் போயி நாலு பேர் முன்னால களவாணின்னு சொல்லப் போறியா செல்வி? அந்த டாக்டர் நாகர்கோவில் போயி எல்லாத்தையும் மாத்திக்கிடப் போறாரு. நீ ஒருநாள் வாய மூடிட்டு இரு" என்றாள். "அவரு ஓட்டிட்டுப் போற வழியில வளைவே கிடையாதா மதினி?" என்று கேட்டேன். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். நல்ல மனுஷர், குனிந்து நிமிர்ந்து எல்லாம் பார்த்தார். "யாரும்மா இத இவ்வளவு நல்லா மெயின்டெய்ன் பண்ணுனது?" என்று கேட்டார். "எல்லாம் பெங்களூர் கம்பெனிதான் சார்" என்று மதினி சொல்லி வாயை மூடவில்லை, நான் முன்னால் வந்தேன்.

"இந்த வண்டி ஒரு தடவையும் பெங்களூருக்குப் போவல சார். ஃபேன் மோட்டாரு, பேரிங்கு, சீலு, சுவிட்ச்சு எல்லாம் நான் தேடிப் போட்டது. அதுக்கெல்லாம் நான் பொறுப்பு. முன் சக்கரத்து ஹோஸ் ரெண்டு மட்டும் எங்க அண்ணன் எனக்குத் தெரியாம என் கடையில எடுத்து மாட்டுனது. அத மாத்தாம இந்தத் தெரு முனைக்குக்கூட வண்டிய எடுக்காதீய."

ஒன்பது வருஷம் நான் சொல்லக் காத்திருந்த சேதி அது, அண்ணே. வண்டியை உயிர்ப்பித்தது நான்தான் என்று ஒரு வெளியூர்க்காரரிடம் சொல்லவேண்டும் என்று எத்தனை தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருப்பேன். சொன்னபோது பக்கத்திலேயே உன் களவும் வந்து நின்றுகொண்டது. அதையும் நீ எனக்கு முழுசாகத் தரவில்லை.

டாக்டர் ஜாக்கி வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். சனிக்கிழமை காலையில் போன் செய்தார். விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு எடுத்துக்கொள்கிறாராம். சரியான ஹோஸை நானே வரவழைத்து மாட்டித் தர வேண்டும். எந்தச் சாமான் எந்த வண்டியுடையது என்று என் கைப்பட எழுதித் தர வேண்டும். கோயம்புத்தூருக்கு அளவு அனுப்பிவிட்டேன். மதினி என்னோடு பேசுவதில்லை.

இதோடு முடிந்திருந்தால் உன்னை நாலு திட்டுத் திட்டிவிட்டு விட்டிருப்பேன். எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. நீளம் குறைவு என்று நான் சொன்னது உன் மண்டையில் ஏறியிருக்காது, மரை சேர்ந்ததும் மறந்திருப்பாய், அறியாமல்தான் அவளை ஏற்றிக்கொண்டு போயிருப்பாய் என்று. நேற்று சாயங்காலம் கொல்லத்திலிருந்து என் மகள் பேசினாள். வண்டியை விற்பது தெரிந்து ஒரே அழுகை.

"மாமாவ அன்னைக்கு நான் எவ்வளவு கேலி பண்ணுனேன் தெரியுமாம்மா? புளியரை எஸ் வளைவுல ஆள் நடக்கிற மாதிரி ஓட்டுனாரு. லோடு லாரியெல்லாம் ஹாரன் அடிச்சு எங்கள முந்திப் போச்சு. ஸ்டியரிங்க கொஞ்சூண்டு திருப்புவாரு, நிப்பாட்டுவாரு, பின்னால எடுப்பாரு, மறுபடி திருப்புவாரு. ஏசி ஓடுது, அவருக்குச் சட்டை பூரா வேர்வை. என்ன மாமா இவ்வளவு பயம்னேன். 'நீ பேசாம சாமியக் கும்பிட்டுக்கிட்டு வா மக்கா'ன்னாரு. என்மேல அவ்வளவு அக்கறைம்மா மாமாவுக்கு."

ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் ஹோஸ் பிய்யும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வளைவிலும் உனக்குத் தெரிந்திருந்தது. செங்கோட்டையில் நிறுத்தி அவளை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கலாம். எனக்கு ஒரு போன் அடித்திருக்கலாம். என்ன செய்திருப்பேன் நான்? கத்தியிருப்பேன், ரெண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் சரியான ஹோஸைத் தேடிக் கொண்டுவந்து நானே மாட்டியிருப்பேன். உன் வண்டிக்கு எதைத்தான் நான் தேடித் தரவில்லை? தங்கச்சி முன்னால் தலைகுனிய வேண்டுமே என்பதற்காக என் பிள்ளையைச் சாமி கும்பிடச் சொல்லி அந்த மலையைத் தாண்டினாயே.

"ஆமாட்டி, உங்க மாமாவுக்கு உன்மேல உசுரு" என்று அவளிடம் சொன்னேன். முன்பின் தெரியாத டாக்டரிடம் வந்த வாய் பெற்ற பிள்ளையிடம் வரவில்லை. அவளுக்கு இருப்பது ஒரே மாமன், அந்த உறவையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவள் உன்னை நினைத்து அழும்போதெல்லாம், அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளிடம் உன் கதையைச் சொல்லும்போதெல்லாம், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்று தலையாட்ட வேண்டும். சாகிறவரை ஆட்டுவேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் அங்கே போய் யாரிடமும் சொல்லித் திரியாதே.

செல்வி